அம்மோனியா தின்பவர்களை எண்ணிய நாட்கள்

போன மாதம் ஷபானா போன் செய்தாள். நான் வேலை பார்த்த சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, புது மீட்டர் வந்துட்டுது. வெளிய போற தண்ணியில அம்மோனியா எவ்ளோன்னு அதுவே பாத்து, அதுவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிடுது. இனிமே லேபுல எங்களுக்கு இன்னா வேலைன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

"மீட்டர் இன்னா சொல்லுது?"

"எவ்ளோன்னு சொல்லுது."

"ஏன்னு சொல்லுதா?"

அவள் சிரித்தாள். "அந்தக் கதைய எழுதிக் குடுங்கக்கா. புதுசா சேர்ந்திருக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. நிலையத்தில் வேலை பார்த்த எவரிடமும் அதைக் கேட்க வேண்டியதில்லை.

என் ஊர் நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தார்கள். நான் வேதியியல் படித்தேன், ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்த நிலையத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன், தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். சுற்றியிருக்கும் டேனரிகளில் தோல் கழுவிய தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக அங்கே வரும். சுண்ணாம்பு, உப்பு, முடி, கொழுப்பு, அழுகிய முட்டை நாற்றம். முதல் வாரம் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் இறங்கியது. பத்து வருடத்துக்கு மேல் நான் செய்ததெல்லாம் ஒன்றுதான்: பாட்டிலில் தண்ணீர் எடுப்பேன், சோதிப்பேன், ரிஜிஸ்டரில் எண்ணை எழுதுவேன். அந்த எண் யாரைப் பற்றியது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அதை நினைக்க வைத்தவர் ரூபாவதி மேடம்.

ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம். லேபுக்குப் பொறுப்பாளராக வந்தபோது என்னைவிட ஒன்பது வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. கையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா இருக்கும். காகிதம் தேட மாட்டார். ஜன்னல் கண்ணாடியிலேயே கணக்குப் போடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழிவுநீருக்குக் காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் நுரைத்துக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் அவருடைய எண்கள்.

அவர் வந்த முதல் வாரமே ஒரு மைக்ரோஸ்கோப் வந்தது. டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்து, "பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். பழுப்புக் கட்டிகளுக்கு நடுவே மணி மாதிரி ஒன்று காம்பில் ஆடியது. வேறொன்று விர்ரென்று ஓடி மறைந்தது. அவற்றுக்குப் பின்னால் பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டிருந்தன பாக்டீரியாக்கள். பத்து வருடமாக நான் சாக்கடை என்று நினைத்தது ஒரு சந்தை மாதிரி நெரிசலாக இருந்தது. என்னையறியாமல், "ஐயோ, எத்தன!" என்றேன்.

மேடம் பேனாவைத் திறந்தார். "அதான் கேள்வி. எத்தன? சொல்லுங்க."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"தெரியாது. யூகிங்க. தப்பா இருந்தா இன்னா ஆயிடும்?"

பிறகு ஜன்னலில் எழுதிக் காட்டினார். ஒரு பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்தாயிரம் பேர் வரிசையில் நிற்கலாம். நீளத்துக்குப் பத்தாயிரம், அகலத்துக்குப் பத்தாயிரம், உயரத்துக்குப் பத்தாயிரம். ஆக, ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு கிராமில், லட்சம் கோடி பேர். எங்கள் டேங்கில் ஒரு லிட்டருக்கு நாலு கிராம் பாக்டீரியா என்று தோராயமாக வைத்துக்கொண்டோம். டேங்க் முப்பது லட்சம் லிட்டர். பெருக்கச் சொல்லிப் பேனாவை என் கையில் கொடுத்தார். பூஜ்ஜியம் போட்டுப் போட்டு ஜன்னலின் ஓரத்துக்குப் போய்விட்டேன். லட்சம் கோடி கோடிக்கும் மேல். உலகத்து மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு போட்டால் தலைக்கு நூறு கோடிக்கு மேல் வரும்.

அன்று பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மாளிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் கூடையை மடியில் இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கவலையில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற குழந்தை மாதிரி இருந்தது மனசு.

அன்றிலிருந்து லேபில் ஒரு சட்டம். எந்தச் சோதனைக்கும் முன்னால் விடை எவ்வளவு வரும் என்று யூகித்து எழுத வேண்டும். அப்புறம்தான் பாட்டிலைத் தொடலாம். யூகம் சரியாக இருந்தால் மேடம் தலையாட்டுவதோடு சரி. தப்பாக இருந்தால்தான் முகம் மலரும். "தப்பு! சூப்பர்! இப்ப நமக்குத் தெரியாதது ஒண்ணு உள்ள இருக்குது" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு வருவார்.

இந்தப் பழக்கத்தின் பலன் சீக்கிரமே தெரிந்தது. ஒரு நாள் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். பத்து கிலோ பாக்டீரியாப் பொடி மூட்டை ஒன்றை டேங்கில் கொட்டினால் தண்ணீர் கண்ணாடியாகிவிடும் என்றார். கிராமுக்கு நூறு கோடி பாக்டீரியா என்று பையிலேயே அச்சடித்திருந்தது. நூறு கோடி என்றதும் நிலைய மேலாளர் ஞானசேகரன் சார் அசந்துபோனார். எங்கள் டேங்குகள், பம்புகள், குழாய்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்குப் போனேன். மூட்டை முழுக்க எத்தனை, டேங்கில் ஏற்கனவே எத்தனை என்று இரண்டையும் எழுதி வகுத்தேன்.

"சார், பத்து லட்சம் பேர் இருக்கற ஊருக்கு ஒரே ஒரு ஆள் பஸ்ல வந்து எறங்கற மாதிரி. அவர் வந்ததே யாருக்கும் தெரியாது" என்றேன்.

விற்பனையாளர் டீ குடித்துவிட்டுப் போனார். ஞானசேகரன் சார் ஜன்னலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, கண்ணாடி தொடைக்கறவனுக்கு வேல வெக்கறீங்க" என்று மட்டும் சொன்னார்.

இனி அந்தப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் நடந்தது.

வெளியே போகும் தண்ணீரில் அம்மோனியா ஏறத் தொடங்கியது. தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க டேனரிகளில் அம்மோனியம் உப்பு போடுவார்கள். அந்த அம்மோனியாவைத் தின்பதற்கென்றே ஒரு தனி வகை பாக்டீரியா டேங்கில் உண்டு. மற்ற பாக்டீரியா தின்கிற அழுக்கை இவை தொடாது. இவை தின்கிற அம்மோனியாவை மற்றவை இப்படித் தின்று தீர்க்காது. முதலில் கொஞ்சம் ஏறியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இரண்டு வாரத்தில் வாரியம் வைத்த எல்லையைத் தாண்டியது.

யாரோ விஷம் கலந்து அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டார்கள் என்று ஞானசேகரன் சார் முடிவுக்கு வந்தார். அந்த மாதம் புதிதாகப் பெரிய சரக்கு எடுத்தது இம்தியாஸ் பாயின் டேனரி. அவருடைய தண்ணீரில் அம்மோனியாவும் ஜாஸ்திதான். அவர் குழாயை மூடிவிட்டார்கள். தண்ணீர் விட வழியில்லாமல் டேனரி ஓடாது. தொண்ணூறு பேர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் இம்தியாஸ் பாய் லேபுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், ஒடிசலான மனிதர். கையில் இரண்டு லிட்டர் பாட்டில் நிறைய அவருடைய டேனரித் தண்ணீர்.

"தேவகிம்மா, இத டெஸ்ட் பண்ணுங்க. நான் புதுசா ஒரு மருந்தும் போடல. எங்கப்பா காலத்துல இருந்து போடறதத்தான் போடறேன். தோல் ஷாப்பு வாசல்ல ஜனங்க வந்து நிக்கறாங்க, எப்ப தொறப்பீங்க பாய்னு. நான் இன்னா சொல்றது?"

"வெச்சுட்டுப் போங்க பாய். பாக்கறேன்."

"ஊர்ல என்னப் பாத்தா இன்னா சொல்றாங்க தெரியுமா? மொத்த பிளான்ட்டையும் கொன்னவன்னு சொல்றாங்க. பேஜாராப் போச்சு."

அவர் குழாயை மூடிப் பத்து நாளாயிற்று. அம்மோனியா இறங்கவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் எல்லைக்குள் கொண்டுவராவிட்டால் நிலையத்தையே மூட வேண்டும். நிலையம் மூடினால் அத்தனை டேனரியும் மூட வேண்டும். அப்புறம் தொண்ணூறு பேர் கணக்கு இல்லை, ஆயிரக்கணக்கு.

நான் ரிஜிஸ்டரை எடுத்து, ஒரு மாதத்து அம்மோனியா எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. விஷம் என்றால் அம்மோனியா தின்பவர்கள் ஒரே நாளில் செத்திருக்க வேண்டும். கோடு சுவர் மாதிரி நிமிர்ந்திருக்கும். இதுவோ நிதானமாகச் சரிவேறிப் போயிருந்தது. இன்னொன்றும் இருந்தது. மற்ற அழுக்கெல்லாம் வழக்கம்போலச் சுத்தமாகிக்கொண்டிருந்தது. அப்படியானால் மற்ற பாக்டீரியாக்கள் நன்றாக இருக்கின்றன. இவர்களை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொல்லும் விஷம் எது?

காற்று வாங்கலாம் என்று வெளியே போனேன். கசடு காயப்போடும் பாத்திகள் பக்கம் போனவள் நின்றுவிட்டேன். எல்லாப் பாத்தியும் நிரம்பி வழிந்தது. நாங்கள் ஸ்லட்ஜ் என்று சொல்லும் அந்தக் கசடுதான் பாக்டீரியாக் கூட்டம். அது வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தினமும் கொஞ்சம் பம்ப் போட்டு வெளியே எடுப்பது வழக்கம். பம்ப் பார்க்கும் கோவிந்தனைக் கூப்பிட்டேன்.

"ஸ்லட்ஜ் பம்ப் தினம் எவ்ளோ நேரம் ஓட்டற?"

"எட்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரம்தானே?"

"அது முந்தி. போன மாசம் கசடு படியற கடைசி டேங்க்ல காலைல ஸ்லட்ஜ் பொங்கி வெளிய போச்சு இல்ல? அப்பவே ஞானசேகரன் சார் எட்டு மணி நேரம் ஓட்டச் சொல்லிட்டாரு. டேங்க் லேசானா பொங்காதுன்னாரு."

பம்ப் நேரத்தைக் கூட்டிய தேதியைக் கேட்டேன். அம்மோனியாக் கோடு தலை தூக்கியதும் அதற்கு அடுத்த நாட்களில்தான். நான் லேபுக்கு நடக்கவில்லை, ஓடினேன்.

"மேடம், யாரும் கொல்லல. நாமதான் வெளிய தள்றோம்!"

மேடம் உடனே ஜன்னலுக்குப் போனார். முன்பு தினமும் நூற்றுக்கு ஐந்து பங்கு ஸ்லட்ஜ் வெளியே போனது. இப்போது நூற்றுக்கு இருபது. அவர் எழுதிக்கொண்டே வந்து, நின்றார். உதட்டைப் பிதுக்கினார்.

"கணக்கு ஒதைக்குதுக்கா. அம்மோனியா தின்றவங்க ஒரு நாள்ல ரெட்டிப்பாவாங்க. நூறு பேர் எறநூறு ஆகறப்ப இருபது பேர் போனா இன்னா? தாங்கிப்பாங்க. நீங்க சொல்றது நடக்கணும்னா அவங்க ரெட்டிப்பாக நாலஞ்சு நாளாவது ஆவணும்."

"ஒரு நாள்னு யார் சொன்னது?"

"புக்குல இருக்குது."

"புக்குல இருக்கறவங்க நல்ல தண்ணியில இருந்தவங்க மேடம். நம்ம தண்ணிய நாக்குல வெச்சாலே கரிக்குது. இதுல அவங்க எப்படி இருக்காங்கன்னு யார் பாத்தா?"

மேடம் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடி என் கையில் வைத்தார். "நாம பாக்கலாம். எப்படிப் பாக்கறது? சொல்லுங்க."

அதுதான் சிக்கல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிகள். அம்மோனியா தின்பது எது, மற்றது எது என்று பிரிக்க முடியாது. நூற்றில் ஒன்றிரண்டு பேர்தான் இவர்கள். எப்படி எண்ணுவது?

அன்று மதியம் கேன்டீனில் எல்லோருக்கும் பிரியாணி. பரிமாறுகிறவர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் முப்பது பேர் சாப்பிட வரணும்" என்றார். வெளியே வரிசையை அவர் பார்க்கவில்லை. எவ்வளவு காலியாகியிருக்கிறது என்பதைத்தான் பார்த்தார். என் கையில் சோறு அப்படியே நின்றது. தலையை எண்ண முடியாவிட்டால் சாப்பாட்டை எண்ணலாமே. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அம்மோனியா குறைகிறது என்று அளந்தால் போதும். அது இரண்டு மடங்காகிற அன்று, தின்பவர்களும் இரண்டு மடங்கு.

மேடத்திடம் சொன்னபோது அவர் பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அன்றே ஆரம்பித்தோம்.

ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி இரண்டு. மீன் தொட்டிக்குக் காற்றுப் போடும் சின்ன மோட்டார் இரண்டு, ஆம்பூர் கடைத்தெருவில் வாங்கியது. இரண்டு ஜாடியிலும் எங்கள் டேங்க் தண்ணீர், அதே உப்பு, அதே ஸ்லட்ஜ். அதிலிருந்து சோதனைக்கு எடுக்கும் சில சொட்டைத் தவிர ஒன்றையும் வெளியே தள்ளக் கூடாது. இவர்கள் அம்மோனியா தின்னத் தின்னத் தண்ணீர் புளித்துப்போகும் என்பதால் சோடா உப்பு கொஞ்சம். முதல் ஜாடி அப்படியே. இரண்டாம் ஜாடியில் இம்தியாஸ் பாய் கொடுத்த தண்ணீரைக் கலந்தேன். அதில் விஷம் இருந்தால் இரண்டாம் ஜாடி காட்டிக்கொடுத்துவிடும். தினமும் காலை பத்து மணிக்கு இரண்டிலும் ஒரே அளவு அம்மோனியா வரும்படி சரிசெய்வேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி அளப்பேன். குறைந்தது எவ்வளவோ அதுதான் அன்றைய சாப்பாடு. மாலையில் கிளம்பும் முன் இன்னொரு முறை அம்மோனியா போட்டுவிட்டு வருவேன்.

தொடங்கும் முன் யூகம் எழுதினோம். இரட்டிப்பாக எத்தனை நாள்? மேடம் ஒன்று என்று எழுதினார். நான் நாலு என்று எழுதினேன்.

முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் லிட்டருக்கு நாலு மில்லிகிராம் தின்றார்கள். மறுநாள் நாலரை. மேடம் சொன்ன மாதிரி இருந்திருந்தால் எட்டு வந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஐந்து. "ஏறுதுக்கா, மெதுவா ஏறுது" என்று மேடம் ஜாடியைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாட்றம்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து அளந்துவிட்டுப் போனேன். வீட்டில் ஒருவரும் என்னோடு பேசவில்லை, அன்று பெண் பார்க்க வந்திருந்தார்கள், என் தங்கை மகளை. ஆறு நாள் கழிந்து ஏழாம் நாள் அளந்தபோது எட்டு.

நாலு, எட்டு. ஆறு நாள். இரண்டாம் ஜாடியிலும் கிட்டத்தட்ட அதே எட்டு. பாயின் தண்ணீரில் விஷம் இல்லை.

நான் எழுதிய நாலும் தப்பு, மேடத்தின் ஒன்றும் தப்பு. மேடம் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு பேருமே தப்பு! எந்தப் புக்குலயும் இது இல்லக்கா. நம்ம தண்ணி இது, நம்ம எண் இது!"

இப்போது கணக்கு உதைக்கவில்லை. ஆறு நாளில் இரட்டிப்பு என்றால் தினமும் நூறு பேருக்குப் பன்னிரண்டு பேர் பிறக்கிறார்கள். நாமோ தினமும் இருபது பேரை வெளியே தள்ளுகிறோம். ஒவ்வொரு நாளும் எட்டுப் பேர் குறைவு. மற்ற பாக்டீரியா சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அதனால் அவை பம்பை முந்திக்கொண்டன. இவர்களால் முடியவில்லை. ஒரு மாதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது.

பம்பை முழுக்க நிறுத்தினால்? தினம் பன்னிரண்டு பேர் பிறப்பார்கள், ஒருவரும் போக மாட்டார்கள். பழைய கூட்டத்தில் பாதி இருந்தாலே வேலைக்குப் போதும், அதற்கு ஆறு மடங்காக வேண்டும். பதினைந்து பதினாறு நாள். வாரியம் கொடுத்த கெடுவுக்கு இருபது நாள் இருந்தது. பழையபடி இரண்டு மணி நேரம் ஓட்டினால்கூட இருபத்தாறு நாள் ஆகிவிடும். நிறுத்தினால்தான் உண்டு.

ஞானசேகரன் சாருக்குக் கோபம் வந்தது. வந்ததில் நியாயம் இருந்தது.

"பம்ப நிறுத்துனா ஸ்லட்ஜ் ஏறும். ஏறுனா காலைல பொங்கும். பொங்கி ஸ்லட்ஜோட தண்ணி வெளிய போனா வாரியம் அன்னிக்கே பூட்டுப் போடும். நீங்க ஜாடியில பண்ணிட்டீங்க. எனக்கு முப்பது லட்சம் லிட்டர் இருக்குது. யார் பொறுப்பு?"

"நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன் சார்" என்றார் மேடம்.

"நானும் போடறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் எங்கள் கணக்கை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த இம்தியாஸ் மேல தப்பே இல்லயா?"

"இல்ல சார்."

"நான்தான்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. கோவிந்தனை அழைத்துப் பம்பை நிறுத்தச் சொன்னார்.

அன்று மாலை இம்தியாஸ் பாயை வரவழைத்து இரண்டு ஜாடியின் எண்களையும் காட்டினோம். "அப்போ நான் கொன்னவன் இல்ல?" என்றார். இல்லை என்றேன். ஆனால் இப்போதே அவர் குழாயைத் திறக்க முடியாது, தின்ன ஆளில்லாத நேரத்தில் இன்னும் அம்மோனியா வந்தால் தாங்காது என்றும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவால்லம்மா. இத ஜனங்ககிட்ட சொல்றேன். காத்திருப்பாங்க."

பதினாறாம் நாள் சரியாகிவிடும் என்று மேடம் பெரிய எழுத்தில் எழுதி லேப் கதவில் ஒட்டிவிட்டார். தப்பினால் ஊரே படிக்கும்.

தினமும் இரண்டு எண்கள். ஒன்று அம்மோனியா. இன்னொன்று ஸ்லட்ஜ்: டேங்க் தண்ணீரை ஒரு லிட்டர் சிலிண்டரில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் கசடு அடியில் படியும். நானூறு மில்லி உயரத்துக்குப் படிந்தால் சுகம். தொள்ளாயிரத்தைத் தொட்டால் பொங்கும். முதல் எண் இறங்குவதற்குள் இரண்டாவது ஏறிவிடக் கூடாது. ஆறு நாள் வரை அம்மோனியா ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் கம்மியாக ஏறியது. ஏழாம் நாள் நின்றது. சிலிண்டரோ ஐந்நூறு, அறுநூறு என்று போய், பதினோராம் நாள் எண்ணூற்றைம்பதுக்கு வந்தது.

பம்பை ஓட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு ஞானசேகரன் சாரிடம் அந்த எண்ணைச் சொன்னேன். அவர் சிலிண்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"காலைலதானே பொங்குது? எல்லா டேனரியும் ஒரே நேரத்துல தண்ணி உடறான், அது மொத்தமா வந்து கடைசி டேங்க இடிக்குது. வர்ற தண்ணிய முன்னாடி இருக்கற பெரிய தொட்டியில புடிச்சு வெச்சு, இருபத்து நாலு மணி நேரமும் சமமா உட்டா இடிக்காது." சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "இத நான் போன மாசமே செஞ்சிருக்கணும்மா."

சொன்னபடியே வால்வுகளைத் திருப்பி வைத்தார். ஷிப்டுக்கு ஷிப்டு அவரே போய்ப் பார்த்தார். ஸ்லட்ஜ் பொங்கவில்லை. தொள்ளாயிரத்தைத் தொட்ட அன்றும் பொங்கவில்லை.

பன்னிரண்டாம் நாளிலிருந்து அம்மோனியா இறங்கியது. முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் படியில் குதித்து இறங்குகிற மாதிரி. பதினாறாம் நாள் எல்லைக்கு ஒரு முடி மேலே நின்றது. கதவில் ஒட்டியதைப் படித்துவிட்டு ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பதினேழாம் நாள் எல்லைக்குள் வந்தது. நம்பாமல் மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் வந்தது. மேடம் மேஜையைத் தட்டிய தட்டில் பிப்பெட் ஸ்டாண்டு கீழே விழுந்தது. ஞானசேகரன் சார் வாசலில் நின்று, "எவ்ளோ? எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எங்கள் சத்தத்தில் அவருக்கு விடை காதில் விழவில்லை.

இருபதாம் நாள் வாரியத்து ஆட்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். அதற்குள் அம்மோனியா பாதாளத்துக்குப் போயிருந்தது. ஜன்னலில் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தோம். கூட்டம் பெருகிவிட்டது, வரும் சாப்பாடு அவர்களுக்குப் பத்தவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன்.

"பாய், தேவகி பேசறேன். லைன் தொறக்கலாம்."

மறுமுனையில் எதுவோ கீழே விழும் சத்தம்.

"பாய்? காதுல விழுதா? உங்க தண்ணி எங்களுக்கு வேணும். இங்க எல்லாரும் பசியா இருக்காங்க."

"நெசமாவா?" என்றார். அப்புறம் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே வாசல் பக்கம் திரும்பி ஏதோ கத்தினார். நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. இரும்புக் கதவு திறக்கும் சத்தம். யாரோ தோல் சுழற்றும் டிரம்மின் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். கடகடவென்று அது சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி இம்தியாஸ் பாய் கேட்டார்:

"எவ்ளோ அனுப்பட்டும்மா?"

"இருக்கறத எல்லாம் அனுப்புங்க பாய்" என்றேன்.